நாலாம் நம்பர் வளையம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தபீதாளை ஆலஞ்சேரி கேபின் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் காலி டிபன் கேரியர், காதில் என்ஜினின் அலறல். இந்த வாரம் அவளைக் கையைப் பிடித்து இறக்கி, ஐந்து நாள் தாண்டி, வியாழக்கிழமைக்குக் கூட்டி வந்துவிடலாம். அந்த ஐந்து நாளில் அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் சொல்லும்படியாக இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்.

தபீதாளின் புருஷன் எட்மண்ட், ஆலஞ்சேரி ஸ்டேஷனில் லீவர்மேன். தாம்பரம் வரைக்கும்தான் மின்சார வண்டி. அதற்குத் தெற்கே கரி வண்டிதான். அந்த வண்டிகள் வண்டலூர் போகிற வழியில் இரண்டு நிமிஷம் நின்று மூச்சு வாங்குகிற சின்ன ஸ்டேஷன் ஆலஞ்சேரி. மாடிக் கேபினில் பதினாறு லீவர் வரிசையாக நிற்கும். சிவப்பு லீவர் சிக்னலுக்கு. கறுப்பு, வண்டி எந்தத் தண்டவாளத்தில் திரும்ப வேண்டும் என்பதற்கு. நீலம், திருப்பிய வழியைப் பூட்டுவதற்கு. சிவப்பை இழுத்தால் கம்பி ஓடி, கால் மைலுக்கு அப்பால் சிக்னல் கை இறங்கும். கை இறங்கிவிட்டால் டிரைவர் யோசிக்க மாட்டார். வரலாம் என்று அர்த்தம்.

அந்த லீவர்களுக்கு அடியில் இரும்புப் பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். வழியைச் சரியாகத் திருப்பிப் பூட்டாமல் சிக்னலை இறக்கப் பார்த்தால் லீவர் அசையாது. பயில்வான் வந்து தொங்கினாலும் அசையாது. அவ்வளவு புத்தியுள்ள இரும்புக்கும் ஒன்று மட்டும் தெரியாது. தண்டவாளத்தில் ஒரு மனிதன் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

அதற்குத்தான் வளையம். சிவப்பு அடித்த இரும்பு வளையம். ஆள் வேலை செய்கிற லைனுக்கான லீவரின் தலையில் அதை மாட்டிவிட்டால் பிடியை அமுக்க முடியாது. ஞாபகப் பிசகாகக் கை போனாலும் வளையம் தட்டி, "ஆள் இருக்கிறான்" என்று சொல்லிவிடும்.

போன சனிக்கிழமை மெயின் லைனில் சிலீப்பர் கட்டை மாற்றும் வேலை. கேங் மேஸ்திரி ஏகநாதனும் ஆறு பேரும் இறங்கியிருந்தார்கள். அந்த லைனின் சிக்னல் நாலாம் நம்பர் லீவர். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு வருகிற பாசஞ்சரைப் பக்கத்திலுள்ள லூப் லைனில் வாங்கும்படி அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர் அத்தாவுல்லா போனில் சொன்னார். "லூப்" என்று எட்மண்ட் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு, மெயினுக்கே பூட்டியிருந்த வழியை மாற்றாமல் நாலாம் நம்பரை இழுத்தான். ஒன்பது வருஷமாக அந்தப் பகல் வண்டிக்கு அவன் கை போய்ப் பழகின லீவர் அது. வளையம் அதில் இல்லை. ஜன்னல் விளிம்பில் இருந்தது.

வண்டி மெயினில் வந்தது. வண்டி ஏறினால் வெடித்து டிரைவரை உசுப்புகிற பட்டாசைத் தண்டவாளத்தில் வைத்திருக்கவில்லை. ஸ்டேஷன் எல்லைக்குள் சிக்னலே காவல். முப்பது கஜத்தில் ஒரு சிவப்புக் கொடி போதும் என்று விட்டிருந்தார்கள். கொடியைக் கண்ட டிரைவர் பிரேக்கைப் போட்டார். ஆட்கள் குதித்தார்கள். ஏகநாதன் மட்டும் திரும்பி ஓடி, தண்டவாளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கியைப் பிடுங்கி எறிந்தான். வண்டி கவிழவில்லை. அவன் கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது.

ஜன்னலில் வளையத்தைப் பார்த்த எட்மண்ட், "மாட்ட மறந்துவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அவன் மறக்கவில்லை. வளையத்தைக் கழற்றியது தபீதாள்.

பகல் சாப்பாடு கொண்டு போனவள், அவன் முகத்தைப் பார்த்து, "நீங்க உக்காந்து சாப்பிடுங்க, நான் துடைக்கறேன்" என்றாள். திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் கேபினைப் பார்வையிட வருகிறார்கள். லீவரை வெறுங்கையால் தொடக்கூடாது, வேர்வை பட்டால் துருவேறும். அதனால் எந்த லீவர்மேனும் துணி வைத்துத்தான் பிடிப்பான். பழைய வேட்டியைக் கிழித்து, சோடா உப்பில் வெளுத்து, வாராவாரம் அந்தத் துணிகளைக் கொண்டு போய்க் கொடுப்பது அவள்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று துடைத்துக்கொண்டே வந்தாள். நாலில் வளையம் தடுத்தது. திருகிக் கழற்றி, அதையும் துடைத்து, ஜன்னலில் வைத்தாள். மணி அடித்தது. அவன் எழுந்தான். அந்நியர் வரக்கூடாத இடத்தில் நிற்கிறோமே என்று கேரியரை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இனி வியாழக்கிழமை. பதினொரு மணிக்குத் தாம்பரத்தில் விசாரணை.

*

காலையில் எட்மண்ட் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சர்க்கரை போட்டேனா?"

"போட்டீங்க" என்றாள் தபீதாள்.

சற்றுப் பொறுத்து, "நானா போட்டேன்?" என்றான்.

"மூணு தடவை போட்டாச்சு தம்பி" என்றாள் அவன் அக்கா மெட்டில்டா, ஜடையைச் சுற்றிக் கொண்டை ஊசி குத்தியபடி. "இனிமே அதுல ரெண்டு முந்திரியைப் போட்டா பாயசம். குடி."

மெட்டில்டா பல்லாவரத்தில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "முப்பத்தஞ்சு பிள்ளைங்களை மேய்க்கறேன், இதுல தனியா ஒருத்தனை வேற மேய்க்கணுமா?" என்பாள். தம்பி வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

எட்மண்ட் எழுந்து வாசல் கதவின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். பின்கட்டுக்குப் போய் அடுப்பைக் குனிந்து பார்த்தான். திரும்ப வந்து கொக்கியைத் தொட்டான். சனிக்கிழமையிலிருந்து இதே வேலைதான். தன் கை செய்ததைத் தன் மனசே நம்பாத மனிதனாக ஆகியிருந்தான்.

அவன் குளிக்கப் போனதும் மெட்டில்டா சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள். செவ்வாய்க்கிழமை அவளிடம் மட்டும் தபீதாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நீ எதையோ உளறப் போறே."

"அவரைப் பார்க்க முடியலக்கா."

"பார்க்காதே. கேட்டுக்கோ. மறந்துட்டேன்னு சொன்னா ரெண்டு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்துவான், வேற ஊருக்குத் தூக்கிப் போடுவான். போகட்டும். கேபினுக்குள்ள பொம்பளையை விட்டான், அவ லீவரைத் தொட்டாள்னு தெரிஞ்சா ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடுவான். இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். எங்கே போவீங்க, என் பள்ளிக்கூடத்து பெஞ்சுலயா?"

"அவரு தன்னைத்தானே பைத்தியம்னு நினைச்சுக்கறாருக்கா."

"நாலு மாசத்துல சரியாயிடும்."

"சரியாவலேன்னா?"

மெட்டில்டா ஈர வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம் தபீதாளின் புடவை மடிப்பைத் தானே இழுத்துச் சரிசெய்துவிட்டு, "வாயை மட்டும் திறக்காதே, கண்ணு" என்றாள். அவள் தபீதாளைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

ரயிலில் போக எட்மண்ட் ஒப்பவில்லை. டிக்கெட் கொடுப்பவனிலிருந்து என்ஜினுக்குக் கரி அள்ளுபவன் வரை எல்லாரும் தெரிந்தவர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பஸ் ஏறினார்கள். மெட்டில்டா அதே பஸ்ஸில் பல்லாவரம் போனாள். தாம்பரத்தில் இவர்கள் இறங்கும்போது ஜன்னல் வழியாகத் தபீதாளை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

ரயில்வே ஆபீஸ் நடையில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் அத்தாவுல்லா உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, மடித்த பேப்பர். எழுந்து இடம் விட்டார்.

"வாப்பா எட்மண்ட். வாங்க தங்கச்சி. வீட்டுல சாஜிதா உங்களை ரொம்பக் கேட்டா."

"நல்லா இருக்காங்களாண்ணே?"

"கல்யாண வீடு. எப்படி இருப்பா? மக சபீஹாவுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வரணும். இது எப்படி முடிஞ்சாலும் வரணும்."

எட்மண்ட் தலையாட்டினான். இரண்டு ஆண்களும் சுவரில் தொங்கிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணியைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவர்கள். சும்மா உட்கார்ந்தாலும் கண் அங்கேதான் போகும்.

தபீதாள் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனாள். அங்கே செல்லம்மா நின்றிருந்தாள். ஏகநாதனின் மனைவி.

தபீதாள் சனிக்கிழமையிலிருந்து இந்த முகத்தைத்தான் பார்க்கப் பயந்துகொண்டிருந்தாள். ஆனால் செல்லம்மாவே கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, எளைச்சுப் பூட்டே? சோறு துன்றியா இல்லியா?"

"அவரு எப்படி இருக்காரு செல்லம்மா?"

"கட்டு போட்டு காலைத் தூக்கி மாட்டி வச்சுக்கீறாங்க. வாய்க்கு மட்டும் கட்டு இல்ல. நர்ஸம்மாவையே 'கொடியைப் பிடி, விசிலை ஊது'ன்னு வேலை வாங்கிகினு கீறாரு." சிரித்தாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடப்பாரான்னு கேட்டா டாக்டர் மூஞ்சியைத் திருப்பிக்கினு போறாரு. அது கெடக்கட்டும். நீ ஒண்ணும் கவலைப்படாதேக்கா. எங்காளு உங்க வூட்டுக்காரரைக் காப்பாத்திட்டாரு."

"என்ன சொல்றே?"

"நேத்து பேப்பரும் பேனாவுமா ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. இவரு சொல்லிட்டாரு. 'வளையம் மாட்டினதை என் கண்ணால பார்த்தேன். எட்மண்ட் அண்ணன் எப்பவும் லைன்ல வேலைன்னு சீட்டு வாங்கினா, தொட்டுப் பாரு மேஸ்திரின்னு என் கையை எடுத்து அதும் மேல வப்பாரு. அன்னிக்கும் வச்சாரு. அப்பறம்தான் நான் லைன்ல எறங்கினேன்'னு. எய்தி, படிச்சுக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கினு போனாங்க. அவரு இன்னாத்துக்கு மறந்தேன்னு எய்திக் குட்த்தாரு? பாவம், பயந்துட்டாரா?"

செல்லம்மா ஒரு நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில் நின்றாள்.

தபீதாள் குழாயை இறுக்கி மூடினாள். வளையம் மாட்டியிருந்தது என்று ஒருவன் சாட்சி சொல்லிவிட்டான். அப்படியானால் கழற்றியது யார் என்று கேட்பார்கள். கேபினில் எட்மண்ட் ஒருவன்தான் இருந்ததாகக் காகிதம் சொல்கிறது. மறந்தவன் என்பது போய், ஆள் வேலை செய்கிற லைனில் வளையத்தைக் கழற்றிவிட்டுப் பொய் எழுதினவன் என்று ஆகிவிடும். அதைவிட மோசம் ஒன்றிருந்தது. நாலு பேர் கேட்டால் எட்மண்டே அதை நம்பிவிடுவான்.

மெட்டில்டா போட்ட கணக்கெல்லாம் குழாயடியிலேயே ஓடிப் போயிற்று.

"செல்லம்மா" என்றாள் தபீதாள். "அவரு காலுக்கு நான்தான் காரணம்."

செல்லம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னாக்கா பேஜாரா பேசறே?"

"அப்புறம் சொல்றேன். சொல்லாம போக மாட்டேன். இப்ப மணியாச்சு."

*

ஆபீஸுக்கு எதிரே டீக்கடை. எட்மண்டைக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். அவன் டீயை வாங்கி வைத்துக்கொண்டு கடிகாரம் தெரிகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டான். இன்னும் இருபது நிமிஷம்.

"ஒண்ணு சொல்லணும். திட்டறதா இருந்தா இங்கேயே திட்டிடுங்க. உள்ளே போய் வேண்டாம்."

"என்ன?"

"நீங்க மறக்கல."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "ஆறுதல் சொல்லாதே தபீதா."

"ஆறுதல் இல்லீங்க. வளையம் இருந்தது. நான் துடைக்கறப்ப இருந்தது. நான்தான் கழட்டினேன். கழட்டித் துடைச்சு ஜன்னல்ல வெச்சேன். மணி அடிச்சது, இறங்கிட்டேன்."

கடைக்காரன் பாய்லருக்குக் கரி போட்டான். பஸ் ஒன்று போயிற்று. எட்மண்ட் மெதுவாகத் திரும்பினான்.

"நாலாம் நம்பரா?"

"ஆமா."

"நல்லா யோசி. அஞ்சு இல்லையே?"

"நாலு. பித்தளை வில்லையில நாலுன்னு இருந்தது. அதையும் துடைச்சேன்."

"லூசா இருந்துதா?"

"சுலபமா வரவே இல்லீங்க. திருகித்தான் எடுத்தேன்."

"அடி வரைக்கும் இறங்கியிருந்துதா?"

"இறங்கியிருந்தது."

"அப்ப சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றான் எட்மண்ட்.

அதைத் தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். அப்புறம் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். கொஞ்ச நேரம் அவன் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று இருந்தது. தபீதாளுக்கு அதைப் பார்க்கத்தான் அழுகை வந்தது.

பிறகு கோபம் வந்தது. வளையத்துக்காக வரவில்லை.

"அஞ்சு நாள் தபீதா."

"தெரியும்."

"மாட்டினேனா மாட்டினேனான்னு மண்டையை ஒடச்சுகிட்டேன். நூறு தடவை செஞ்ச வேலை, எது எந்தத் தடவைன்னு பிரிக்கத் தெரியல. மேஸ்திரி கையை எடுத்து வெச்சது இந்தச் சனிக்கிழமையா, போன மாசமான்னு தெரியல. கொக்கியைப் போட்டுட்டுப் போட்டேனான்னு நாலு தடவை எழுந்து பார்த்தேன். நீ பக்கத்துல படுத்துகிட்டு பார்த்துகிட்டு இருந்தே."

"வேலை போயிடும்னு அக்கா சொன்னாங்க."

"அக்காவுக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஓகோ. வண்டி கிளம்பினப்புறம் எனக்கு டிக்கெட்." கிளாஸை டக்கென்று வைத்தான். "சரி. நீ உள்ளே வராதே. நானே கழட்டித் துடைச்சேன், திருப்பி மாட்டலேன்னு சொல்லிடறேன். முடிஞ்சுது."

"நீங்க துடைச்சீங்களா?"

"ஆமா."

"கல்யாணமாகி பதினோரு வருஷம். ஒரு டம்ளர் துடைச்சு வெச்சிருக்கீங்களா? அந்த ஆபீஸர் உங்க கையைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவாரு."

அவன் உதடு லேசாக விரிந்து அடங்கியது. "வேலை போயிடும் தபீதா."

"போகட்டும்னு சொல்லல. போனாலும் பொய்யில போக வேண்டாம். ஏகநாதன் அண்ணன் நிஜத்தைச் சொல்லிட்டாரு. கால் ஒடிஞ்சவரு சொன்னதைப் பொய்யாக்கிட்டு நாம எங்கே போய் சாப்பிடறது?"

எதிரே ஆபீஸ் வாசலில் பியூன் வந்து நின்று கூப்பிட்டான். "லீவர்மேன் எட்மண்ட்! ஆலஞ்சேரி எட்மண்ட்!"

*

விசாரணை அதிகாரி வயதானவர். மேஜையில் காகிதக் கட்டுகள், ஸ்டேஷன் ரிஜிஸ்டர்கள், ஓரத்தில் டைப் மெஷினோடு ஒரு குமாஸ்தா. அதிகாரி முகத்தில் கடுமை இல்லை. இந்த மாதிரிக் காகிதங்களையே முப்பது வருஷம் படித்த அலுப்புதான் இருந்தது.

"வளையம் மாட்ட மறந்துவிட்டேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். மாட்டியதைத் தொட்டுப் பார்த்தேன் என்று ஏகநாதன் சொல்கிறான். இரண்டில் எது பொய்?"

எட்மண்ட் வாயைத் திறந்தான். அதற்கு முன்னால் பாதிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டுமே பொய் இல்ல சார்."

"யாரம்மா அது?"

"அவரு சம்சாரம்."

"வெளியே இருங்கள். கூப்பிட்டால் வரலாம்."

"நீங்க கூப்பிட மாட்டீங்க சார். காகிதத்துல என் பேரே இல்ல. வளையத்தைக் கழட்டினது நான்."

குமாஸ்தாவின் விரல்கள் நின்றன. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை உள்ளே வரச் சொன்னார்.

தபீதாள் நின்றபடியே சொன்னாள். துணி, திங்கட்கிழமைப் பார்வை, ஒன்று இரண்டு மூன்று என்று துடைத்தது, நாலில் தட்டியது, ஜன்னல், மணி. அழவில்லை. கடையில் வாங்கின சாமானை ஒப்பிப்பது போல ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள்.

"அது எதற்கான வளையம் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அவரு சொல்லியிருக்காரு. துடைச்சதும் மாட்டணும்னுதான் நெனச்சேன்."

"அந்நியர் நுழையக்கூடாது என்று கேபின் கதவில் போர்டு இருக்கிறது. படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது படிச்சிருக்கேன் சார்."

"பிறகு?"

"அவரு இறங்கி வரக் கூடாது. நான் ஏறிப் போகக் கூடாது. சோறு எப்படி சார் போய்ச் சேரும்?"

குமாஸ்தா இருமினார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எட்மண்டிடம் திரும்பினார். "இவள் உள்ளே வந்தது உனக்குத் தெரியும்?"

"தெரியும் சார். நான்தான் விட்டேன். தப்பு என்னுது. நான் திரும்பிப் பார்த்திருந்தா லீவர்ல வளையம் இல்லேன்னு தெரிஞ்சிருக்கும். பார்க்கல."

"ஏன் பார்க்கவில்லை?"

எட்மண்டின் கண் மேஜையிலிருந்த ரிஜிஸ்டருக்குப் போனது.

அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே, ஏதோ நினைத்துக்கொண்டவர் போலக் கேட்டார். "காலை எட்டு மணிக்குத்தானே டூட்டி ஏறினாய்? பகல் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போயிருக்கலாமே. மற்றவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்?"

எட்மண்ட் தலை குனிந்தான். தபீதாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"காலைல எட்டா? இல்ல சார். முந்தின நாள் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போனவரு. விடிஞ்சா இன்னொரு லீவர்மேன் ராஜாராமன் வந்து மாத்தணும். அவருக்குக் காய்ச்சல். இவரு வீட்டுக்கே வரல. அதனாலதான் நான் சோத்தை எடுத்துகிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தா, நின்னுகிட்டே கண்ணு சொருகுது இவருக்கு. அதனாலதான் துணியைக் கையிலேருந்து வாங்கினேன்."

அதிகாரியின் விரல் ரிஜிஸ்டரில் ஒரு வரியில் நின்றது.

அதிகாரி ரிஜிஸ்டரைத் திருப்பி எட்மண்டின் பக்கம் தள்ளினார். சனிக்கிழமைப் பக்கம். 'இரவு டூட்டி: ராஜாராமன். காலை 8.00: எட்மண்ட் பொறுப்பேற்றார்' என்று எழுதி, கீழே எட்மண்டின் கையெழுத்து இருந்தது.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"மேலே எழுதியிருப்பது யார் எழுத்து?"

தபீதாள் எட்டிப் பார்த்தாள். அழகான சாய்ந்த எழுத்து. அதே எழுத்தில் சபீஹாவின் கல்யாணப் பத்திரிகை உறை அவள் வீட்டு அலமாரியில் இருந்தது, "எட்மண்ட் குடும்பத்தார்" என்று மேலே எழுதி. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

அதிகாரி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "பதினாறு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிஷம்" என்றார், யாரிடமும் இல்லாமல். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவன் லீவரைத் தொடக்கூடாது. வளையத்துக்கு முன்னால் இருக்கிற ரூல் அது. இரண்டு பேரும் வெளியே இருங்கள். ஏ.எஸ்.எம்.மைக் கூப்பிடு."

*

பியூன் நடைக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அத்தாவுல்லா பேப்பரை நாலாக மடித்தார். பாதிக் கதவுக்கு மேலே பேச்சு முழுதும் நடையில் கேட்கும். அவருக்கும் கேட்டிருக்கும். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தவர், தபீதாளுக்கு எதிரே வந்ததும் நின்றார்.

"எத்தனை மணின்னு சொன்னீங்க தங்கச்சி?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டுண்ணே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மெல்ல அசைத்தார். எட்மண்டின் தோளில் ஒரு நொடி கை வைத்தார். அப்புறம் உள்ளே போனார். பியூன் இந்தத் தடவை முழுக் கதவையும் சேர்த்துச் சாத்தினான்.

எட்மண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். தபீதாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடையின் கோடியில் செல்லம்மா தூணோடு சாய்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. கிட்டே வரவில்லை. போய்விடவும் இல்லை.

"அவரு எனக்காகத்தான் எழுதினாரு" என்றான் எட்மண்ட். "தாம்பரத்துக்கு மூணு தடவை போன் பண்ணினாரு, வேற ஆள் அனுப்புங்கன்னு. ஆள் இல்லேன்னுட்டாங்க. கேபினைப் பூட்டினா லைனே நின்னுடும். 'ஒரு பகல் சமாளிப்பா'ன்னாரு. நானும் சரின்னேன். அன்னிக்கு மட்டும் நாலு தடவை டீ வாங்கி மேல அனுப்பினாரு."

"எனக்கு ரிஜிஸ்டரைப் பத்தித் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா?"

தபீதாள் யோசித்தாள். அவசரப்பட்டுப் பதில் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை.

"தெரிஞ்சிருந்தாலும் மணியை மாத்திச் சொல்ல வந்திருக்காது" என்றாள் கடைசியில். "ஆனா மெதுவா சொல்லியிருப்பேன்."

அத்தாவுல்லா ஆமாம், நான்தான் எழுதினேன் என்று சொன்னால், மூன்று வாரத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தன் வேலையைத் தானே மேஜை மேல் வைத்துவிட்டு வர வேண்டும். இல்லை, எட்மண்ட் காலையில்தான் வந்தான் என்று சொன்னால், தபீதாள் பொய்க்காரியாகிவிடுவாள்; எட்மண்ட் வேலை இல்லாமல் வெளியேதான் நிற்பான். இரண்டில் ஒன்று. அவர் நல்லவர் என்பது இந்த இரண்டு பேருக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

உள்ளே டைப் மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு வரி ஓடியது. நின்றது. அப்புறம் வெகு நேரம் ஓடவில்லை.